விரல் அறியாக் கண்ணாடி



‘டேப்லெட்’ என்னும் சொல்லுக்கு நம் வீட்டில் இதுகாறும் ஒரே பொருள்தான் இருந்து வந்தது. காலையில் இரண்டு, இரவில் ஒன்று. உணவுக்குப் பின் வெந்நீருடன் விழுங்க வேண்டியது. ஆகவே, சென்னையில் பணிபுரியும் நம் தங்கை மகன் மார்கழி இறுதியில் தொலைபேசியில் அழைத்து, “மாமா, உங்களுக்கு ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறேன்” என்றபோது, “எந்த நோய்க்கப்பா?” என்றுதான் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, “கண்ணுக்குத்தான் மாமா” என்றான். வேடிக்கையாகச் சொன்னானோ, எண்ணித்தான் சொன்னானோ, அறியோம். ஆனால் அவன் சொன்னது மெய்யாயிற்று.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருவதால், இரண்டு ஆண்டுகளாக அச்செழுத்தைப் படிக்க இயலாதிருந்தோம். ஒரு வரியை நோக்கினால் அதன் இரு ஓரங்களும் தெரியும். நடுவேயுள்ள சொல் மறைந்துவிடும். மறைந்த சொல்லை ஊகித்துப் படிக்கலாம் என்று முயன்று, ஒருமுறை திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயரையே மாற்றிப் படித்தோம். பின்னர்ப் பிறர் படித்துக் காட்டக் கேட்கலானோம். அவர்கள் அன்புடன்தான் படித்தனர். எனினும் பிறர் வாயால் படிப்பது பிறர் கையால் உண்பதைப் போன்றது. பசி அடங்கும், சுவை முழுமையாய் வாராது. நம் அறையிலிருந்த புத்தக அலமாரியை நோக்கி அமர்வதையே நாம் தவிர்த்து வந்தோம் என்றால், வாசகர்கள் நம் நிலையை உணர்ந்துகொள்ளலாம்.

இந்நிலையில்தான் அந்தப் பொருள் நம் கைக்கு வந்தது. தைத் திங்களில் பத்து நாட்கள் கொல்லிமலையில் தங்குவதாக ஏற்பாடு. நம் தங்கை மகள் அங்கே அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவளும் அவள் கணவரும் இரு பிள்ளைகளும் செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் குடியிருக்கின்றனர். தம்பி வாங்கிக் கொடுத்ததைத் தமக்கை வீட்டில் கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி சென்று, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகையில், பேருந்தில் அருகிலிருந்தோர் வாந்திக்கு எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, நாமோ மடியிலிருந்த பெட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தோம். சோளக்காட்டில் இறங்கியபோது விரல்கள் விறைத்துப் போயிருந்தன. குளிரினாலா, அச்சத்தினாலா என்று சொல்வதற்கில்லை.

இப்பொருளை அரசு ‘கையடக்கக் கணினி’ என்கிறது. ‘வரைப்பட்டிகை’ என்பாரும் உளர். நமக்கோ, முதல் வகுப்பில் கோவை இலையால் துடைத்துத் துடைத்து எழுதிய சிலேட்டுப் பலகையே நினைவுக்கு வந்தது. அதே கருமை, அதே வழவழப்பு, ஏறத்தாழ அதே அகலம், அரைக் கிலோ எடை. பொத்தான்கள் ஓரத்தில் ஒன்றிரண்டு உள, முகப்பில் ஒன்றுமில்லை. இத்தகைய பொருளைப் பற்றி மாந்தர் கனவு கண்டது நேற்றன்று. கலிபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் கே என்பவர், 1972-இலேயே நோட்டுப் புத்தக அளவில் ஒரு கணினி வேண்டுமென ஒரு கட்டுரை வரைந்தார். எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான கணினி என்பது அதன் தலைப்பின் கருத்து. அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 2010 ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்த பின்னரே அக்கனவு வீடுதோறும் நுழையலாயிற்று. எல்லா வயதுக் குழந்தைகள் என்றாரே, அந்தக் கணக்கில் நம்மையும் சேர்த்துக்கொள்ளலாம் போலும்!

முதல் இரவு. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். தங்கை மகள் அருகிலமர்ந்து, “இரண்டு விரலை வைத்து விரித்துப் பாருங்கள் மாமா” என்றாள். விரித்தோம். எழுத்து வளர்ந்தது. மீண்டும் விரித்தோம். ‘அ’ என்னும் எழுத்து நம் உள்ளங்கை அளவாயிற்று. பின்னர் அவள் வெண்மையைக் கருமையாகவும் கருமையை வெண்மையாகவும் மாற்றினாள். இருண்ட பலகையில் வெண்சுண்ணத்தால் எழுதியதுபோல் சொற்கள் நின்றன. ஒரு வரிக்கு மூன்று சொற்களுக்குமேல் கொள்ளவில்லை. ஆனால் அம்மூன்று சொற்களும் முழுமையாகத் தெரிந்தன. நடுவே எதுவும் மறையவில்லை. அன்றிரவு நாம் உறங்கியபோது மணி இரண்டு. தங்கை மகள் எப்பொழுது எழுந்து சென்றாள் என்பதையும் கவனித்தோமல்லோம்.

படித்தது யாது எனக் கேட்பீர்கள். மதுரைத் திட்டம் என்று ஒன்று உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கியது. பல நாடுகளிலுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை யாரும் விலையின்றிப் பெறுமாறு வைத்துள்ளனர். மலைமேல் இணைப்புக் கிட்டுவது அரிதென்று, தங்கை மகன் சென்னையிலேயே அந்நூல்களுள் பலவற்றை இறக்கி வைத்திருந்தான். அவற்றுள் புறநானூற்றைத் திறந்து, வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியதைத் தேடிப் படித்தோம். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துச் சென்று உடும்பிலே தைத்த கதை அது. ஓரி ஆண்ட அதே மலையில், சன்னலுக்கு வெளியே அதே பனி இறங்கிக்கொண்டிருக்க, அதைப் படித்தோம். உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1894-இல் முதன்முதலாக அச்சேற்றினார். ஓலையிலிருந்து தாளுக்கு வந்தது ஒரு பயணம் என்றால், தாளிலிருந்து இந்தக் கண்ணாடிக்கு வந்தது இன்னொன்று. மூன்றாவது பயணம் ஒன்றும் உண்டு, அது நம் கண்ணுக்கு வந்தது; அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டோம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இப்புத்தகத்துக்குக் கனமில்லை. எத்தனை பக்கம் முடிந்தது, எத்தனை மீதி என்பதைக் கை அறிவதில்லை. விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் நமக்கு அறுபதாண்டுப் பழக்கம். முதல் நாள் காலையில் நம்மையறியாமல் எச்சில் தொட்டுக் கண்ணாடியைத் தள்ளினோம். தங்கை மகளின் இளைய மகன் (இரண்டாம் வகுப்பு) அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். “தாத்தா டேப்பை நக்குறாரு!” என்று தெருவரை செய்தி பரப்பிவிட்டான்.

எழுதுவது இன்னும் கடினம். இளமையில் தமிழ்த் தட்டச்சில் கீழ்நிலைத் தேர்வு எழுதித் தேறியவர் நாம். அந்தப் பொறியில் ஒவ்வொரு விசையும் விரலுக்கு விடை சொல்லும். அழுத்தினால் எதிர்க்கும், பின் இணங்கும், ஓசை எழுப்பும். கண்ணை மூடிக்கொண்டும் அடிக்கலாம். இங்கோ ‘க’வும் ‘ங’வும் விரலுக்கு ஒன்றே; வாழைத்தோப்புப் படமும் வல்லின எழுத்தும் ஒன்றே. எல்லாம் ஒரே வழவழப்பு. தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பு இதில் உள்ளது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம் என்று நேர்த்தியாகத்தான் அமைத்துள்ளனர். ஆயினும் பழைய விரல்கள் பழைய இடங்களுக்கே ஓடுகின்றன. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டென்று காட்டினார்கள். அதற்கு இணைப்பு வேண்டும். இணைப்பு அகப்பட்ட ஒரு மாலையில், “இங்குச் சாமைச் சோறு உண்டோம்” என்று உரத்துச் சொன்னோம். “இங்குச் சாமிச் சோறு உண்டோம்” என்று எழுதிக் காட்டிற்று. திருத்தாமலே விட்டுவிட்டோம். கொல்லிமலைச் சாமை அப்பெயருக்கு ஏற்றதுதான்.

தங்கை மகளிடம் இன்னொரு பலகை உள்ளது. அது அரசு கொடுத்தது. 2024-இல் தமிழக அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. 2022 சூனில் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், சிறு குழந்தைகள் பிழையறப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. குழந்தை எந்த எழுத்தை அறிந்தது, எதை அறியவில்லை என்பதை ஆசிரியர் கணினி வழிப் பதிவு செய்ய வேண்டும். நல்ல நோக்கம். ஆனால் பள்ளி இருக்குமிடமோ இரு சரிவுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம். ஆகவே பள்ளி முடிந்ததும் தங்கை மகள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரங்களுக்கு (சில்வர் ஓக்கை இங்கு அவ்வாறுதான் அழைக்கின்றனர்) இடையே ஏறி, ஒரு பாறைமேல் நின்று, கையை உயர்த்திப் பிடிப்பாள். ஊரார் அதற்கு ‘டீச்சர் பாறை’ என்றே பெயர் வைத்துவிட்டனர். குழந்தைக்கு ‘ழ’கரம் வந்துவிட்டதென்ற செய்தி அப்பாறையிலிருந்துதான் தலைநகருக்குப் புறப்படுகிறது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நாம்தான் சொல்கிறோம்.

இனி, இம்முறை எழுதவே நம்மைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். மலையாளி என்று வழங்கப்பெறும் இம்மலையின் பழங்குடியைச் சேர்ந்தவர். அகவை எழுபத்தைந்து இருக்கலாம்; அவருக்கே கணக்கில்லை. மரவள்ளிக் கிழங்கு தோண்டுவார், மிளகு உதிர்ப்பார், சாமை புடைப்பார். சேலம், நாமக்கல் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகிச் சாமையும் தினையும் குறைந்துவிட்ட கதையை அவர் வாயாலேயே கேட்டோம். பேத்தி ஒருத்தி கோயம்புத்தூரில் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவ்வீட்டில் அத்துணை தூரம் சென்று படிக்கும் முதல் பெண் அவளே. விளக்கேற்றும் விழாவில் எடுத்த பதினான்கு படங்களைத் தங்கை மகளின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாள். “ஆயாவுக்குப் பெருசா தெரியட்டும்” என்று தங்கை மகள் அவற்றை நம் பலகையில் ஏற்றினாள்.

ஆயா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டார். முதற்படம் தெரிந்தது. பையன் அருகில் நின்று, “இப்படி இழுங்க ஆயா, அடுத்தது வரும்” என்றான். ஆயா இழுத்தார். வரவில்லை. மீண்டும் இழுத்தார். சற்று அழுத்தி இழுத்தார். படம் அசையவில்லை. பையன் தன் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினான், படம் ஓடிற்று. ஆயா முயன்றார், நின்றது. பையன் தொட்டான், மூன்று படங்கள் ஒருசேர ஓடிப்போயின. பேத்தியின் முகம் கண்ணில் படுமுன்னே கடந்துவிட்டது.

“அது ஆளு பாக்குதுடா” என்றார் ஆயா.

பின் பலகையை மெல்லத் திண்ணையில் வைத்தார். “ரேசன் கடை மெசினும் இப்படித்தான் ஐயா. எங் கையை அதுக்குத் தெரியறதில்ல. மரத்துப்போன கை. நமக்கெதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு எழ முற்பட்டார். சினம் இல்லை, வருத்தமும் இல்லை. பேருந்து நிரம்பிவிட்டது, அடுத்ததில் போகலாம் என்று சொல்வதுபோல் சொன்னார். முந்தின இரவுகளில் நமக்கு உலகத்தையே திருப்பித் தந்த அந்தக் கண்ணாடி, பகலில் இவர் கையை அறியேன் என்றது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, இரண்டாண்டுகளாக நாமும் அலமாரியைப் பாராமல் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதை விசாரித்து அறிந்தோம். இன்றைய பலகைகளின் கண்ணாடி, விரலின் அழுத்தத்தை உணர்வதன்று. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுகின்றன. அவற்றில் மிக நுண்ணிய மின்னூட்டம் இருக்கும். நம் உடல் உப்பு நீர் நிறைந்தது. ஆதலின் மின்சாரத்தைக் கடத்தும். விரல் அருகில் வந்தவுடன் அம்மின்னூட்டத்தில் சிறிது விரலை நோக்கிச் சாய்கிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே ‘இங்கே தொட்டார்’ என்று பொறி அறிகிறது. தோல் மெல்லியதாய், சற்று ஈரமாய் இருந்தால் உடனே அறியும். காய்த்துத் தடித்த, குளிரில் உலர்ந்த தோலென்றால், உள்ளேயுள்ள ஈரம் தொலைவாகிவிடுகிறது. நாம் கையுறை அணிந்துகொண்டு தொட்டாற்போல அதற்குத் தோன்றும். எவ்வளவு அழுத்தினும் பயனில்லை. மண்வெட்டியும் முறமும் பழக்கிய கைக்கு அழுத்துவதொன்றே தெரியும். இந்தப் பொறிக்குத் தெரியாத ஒன்றும் அதுவே.

நியாயவிலைக் கடையின் கருவி வேறு வகை. அது விரல்நுனியின் ரேகைகளைப் பார்ப்பது. தமிழகக் கடைகளில் 2020 முதல் கைரேகை வைத்துப் பொருள் பெறும் முறை பரவிற்று. உழைப்பினாலும் முதுமையினாலும் ரேகை தேய்ந்தோர் அதில் இடர்ப்படுகின்றனர். அத்தகையோர் தமக்காக வேறொருவரை எழுத்து மூலம் நியமித்துக்கொள்ள வழி உண்டு. எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டு செல்லும் ‘தாயுமானவர்’ திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. பொறிகள் இரண்டும் வேறு வேறு. ஆனால் ஆயாவுக்கு இருப்பது ஒரே கை. அதை இரண்டுமே அறிய மறுத்தால், அவர் தம் கையின்மீதுதானே குறை காண்பார்?

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அழுத்தத்தை அறியும் கண்ணாடியும் உலகில் இருந்தது. மின்னூட்டத்தால் அறியும் முறையை இங்கிலாந்தில் ஜான்சன் என்பவர் 1965-இல் விளக்கினார். அழுத்தத்தால் அறியும் முறையை அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் என்பவர் 1970-களில் உருவாக்கினார். பின்னதில் இரண்டு மெல்லிய தளங்கள் உண்டு. அழுத்தும்போது மேல்தளம் கீழ்த்தளத்தைத் தொடும். அதற்கு விரலும் ஒன்றே, குச்சியும் ஒன்றே, காய்த்த கையும் ஒன்றே. நம் நாட்டு ஏழை மாணவர்களுக்காக 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் வெளியிடப்பெற்ற ‘ஆகாஷ்’ பலகை இவ்வகையைச் சேர்ந்தது. அரசுக்கு அதன் விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றே மேல். ‘மெதுவாக வேலை செய்கிறது, அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது’ என்று நகரத்துப் பத்திரிகைகள் அதை எள்ளி நகையாடின. மறு ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் ஆகாஷில், விலையுயர்ந்த பலகைகளைப் போன்றே, மெல்லத் தொட்டாலே அறியும் கண்ணாடி வைத்துவிட்டனர். அனைவரும் முன்னேற்றம் என்றனர். முன்னேற்றந்தான். ஆயினும் அந்தப் பழைய மலிவுப் பலகை கொல்லிமலைத் திண்ணைக்கு வந்திருந்தால், ஆயாவின் விரலுக்குக் கீழ்ப்படிந்திருக்கும்.

அதற்கும் முன்னர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர் சிலரும் ஒரு நிறுவனத்தாரும் கூடிச் ‘சிம்ப்யூட்டர்’ என்ற சிறு கணினியைச் செய்தனர். எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும், இந்திய மொழிகளில் அது பேச வேண்டும், ஓர் ஊரார் ஒன்றையே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதையும் ஓர் எழுதுகோலால்தான் தொட வேண்டும். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கிராமத்தை மனத்தில் வைத்துச் செய்த பொறிகள் மறைந்துவிட, நகரத்து விரலை மனத்தில் வைத்துச் செய்தவை கிராமத்துக்கு வந்துசேர்ந்தன. யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இதனை எழுதவில்லை. விற்பவர் விற்குமிடத்தைத்தான் நோக்குவர்.

கையைப் பற்றி உலகுக்குக் கற்பித்தவர் ஒருவர் இம்மலையிலேயே பிறந்தார் என்பதை வாசகர்களுள் பலர் அறிந்திருக்கலாம். மருத்துவர் பால் பிராண்டு 1914 சூலையில் கொல்லிமலையில் பிறந்தவர். மறைப்பணியாளர்களான அவர் தந்தை ஜெஸ்ஸியும் தாய் எவலினும் இங்கே மருத்துவமும் கல்வியும் அளித்தனர். தந்தை 1929-இல் காய்ச்சலால் இங்கேயே இறந்தார். தாயோ தொண்ணூறு வயதைக் கடந்தும் மலைமலையாய்ச் சுற்றிப் பணியாற்றி, 1974-இல் மறைந்து, கணவருக்கு அருகிலேயே அடக்கமானார். மகன் 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆராய்ந்தார். அந்நோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவ்வாறன்று, உணர்ச்சி அற்றுப்போனதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயம்பட்டே அவை தேய்கின்றன என்று அவர் கண்டார். நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய கைகளைத் திறக்கவும் செய்தார். வலி என்பது ஒரு கொடை என்று அவர் பிற்காலத்தில் நூலே எழுதினார்.

விரல் ஒன்றைத் தொடுகையில் அது நமக்குத் திருப்பி ஏதோ சொல்கிறது. அந்த விடை நின்றுபோனால் கையே மெல்ல மெல்ல நம்முடையதல்லாமற் போய்விடுகிறது. பிராண்டின் ஆராய்ச்சியிலிருந்து நாம் புரிந்துகொண்டது இவ்வளவே. ஆயாவின் கையை அவர் ‘மரத்த கை’ என்றாரே, அஃது உண்மையில் மரத்த கையன்று. மிளகை உருட்டிப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடும் கை அது. நாம் கண்ணால் பார்த்தோம். முறத்தில் சாமையைத் துழாவிக் கல்லை எடுத்து எறிந்தார். கண் நம் பக்கம் இருந்தது. நம் வீட்டு விரல்களுக்கு அந்த அறிவு கிடையாது. கண்ணாடிக்குத்தான் உணர்ச்சி போதவில்லை.

மறுநாள் காலை, தங்கை மகளிடம் இதைச் சொன்னோம். அவள் ஆசிரியையன்றோ, உடனே வழி தேடத் தொடங்கினாள். முதலில், கடைக்காரர் நம் பலகையின்மீது ஒட்டி அனுப்பியிருந்த காப்புக் கண்ணாடியை உரித்தாள். அதுவும் விரலுக்கும் பொறிக்கும் இடையே ஒரு சுவரன்றோ? பின் அமைப்புகளுக்குள் புகுந்து, ‘தொடு உணர்திறன்’ என்ற ஒன்றைக் கண்டுபிடித்து உயர்த்தினாள். எல்லாப் பலகையிலும் அது இராதாம், நம்முடையதில் இருந்தது. இவற்றை வீட்டில் முதியோர் உள்ள வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மாலையில் ஆயா கீரைக் கட்டுடன் வந்தார். பலகையை நீட்டினோம். “வேணாம் ஐயா, ஒடைஞ்சு கிடைஞ்சு போவும்” என்றார். வற்புறுத்தியபின் தொட்டார். ஒருமுறை அசைந்தது, மறுமுறை இல்லை. அப்பொழுது, நம்மை நக்கிய தாத்தா என்று ஊரெல்லாம் சொன்ன அந்தப் பையன், “ஆயா, தாத்தா மாதிரி எச்சி தொட்டுத் தள்ளுங்க!” என்றான். அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அதிலே கருத்து இருந்தது. ஆயா சிரித்துக்கொண்டே, கீரையில் இருந்த நீரில் விரலை நனைத்து முந்தானையில் ஒற்றித் தள்ளினார். படம் நகர்ந்தது. ஈரம் காய்ந்ததும் மீண்டும் நின்றது.

“விரலை மடக்கிக்கிட்டு முட்டியால தொட்டுப் பாருங்க ஆயா” என்றாள் தங்கை மகள். விரல் மூட்டின் புறத்தே தோல் தடிப்பதில்லை; மண்வெட்டிப் பிடி அங்கே படுவதில்லை. ஆயா ஆள்காட்டி விரலை மடக்கினார். மூடிய கதவைத் தட்டுவதுபோல் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, மூட்டாலேயே இடப்புறம் இழுத்தார். படம் நகர்ந்தது. மீண்டும் இழுத்தார், நகர்ந்தது. வலப்புறம் தள்ளினார், முன் படம் திரும்பி வந்தது. பையன் உதவிக்குக் கை நீட்டினான். “எடுறா கையை” என்றார் ஆயா.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே சென்று, ஏழாவது படத்தில் நின்றார். வெள்ளைச் சீருடையில் பேத்தி, இரு கைகளாலும் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடத்தில் திரை தானே அணைந்துவிட்டது. தாம் கெடுத்துவிட்டதாக அவர் திடுக்கிட்டார். தங்கை மகள் அதை மீண்டும் எழுப்பி, பத்து நிமிடம் வரை அணையாதவாறு அமைத்துக் கொடுத்துவிட்டு, கீரையை ஆய உள்ளே சென்றாள். நாமும் நம் காப்பியை அருந்தியபடி திண்ணையின் மறு ஓரத்தில் அமர்ந்திருந்தோம்.

“கை மெலிஞ்சுபோச்சு இவளுக்கு” என்றார் ஆயா, நெடுநேரம் கழித்து. எட்டாவது படத்துக்கு அன்று அவர் செல்லவேயில்லை.